காலி மும்மொழிக் கல்வெட்டும் தெவிநுவர விழாவும்: பன்மைப் பண்பாட்டை அறியும் இரு வழிகள்

முன்னுரை

உலகப் பண்பாடுகளை ஒருங்கே கண்டறிவதற்குரிய இடங்களாக அருங்காட்சியகங்களும் விழாக்களும் இன்று போற்றப்படுகின்றன. இவ்விரண்டும் காட்டும் முறை ஒன்றன்று. அருங்காட்சியகம் ஒரு பொருளை அதன் பயன்பாட்டிலிருந்து பிரித்துக் காக்கின்றது. விழா பயன்பாட்டைத் தொடர்கின்றது, ஆயினும் பழம்பொருள்களை இழந்துவிடுகின்றது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள காலி மும்மொழிக் கல்வெட்டும், அதன் தமிழ்ப்பகுதி சுட்டும் தெவிநுவரக் கோயிலும் இவ்வேறுபாட்டை ஆராயத் தக்க சான்றுகளாகும்.

கல்லும் அதன் மூன்று முகவரிகளும்

1911ஆம் ஆண்டு காலி நகரில், நீர்க்கால்வாய் ஒன்றின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த நிலையில் இக்கல் கண்டெடுக்கப்பெற்றது. மேற்பகுதியில் எதிரெதிரே இரு டிராகன்கள் செதுக்கப்பட்டுள்ளன. வலப்புறம் சீனமும், இடப்புறம் மேலே தமிழும், கீழே பாரசீகமும் இடம்பெறுகின்றன. மிங் பேரரசர் யோங்லேயின் ஆட்சியில், 1409ஆம் ஆண்டுக் காலக்குறிப்புடன் சீனத்தில் பொறிக்கப்பெற்று, செங் ஹேயின் கப்பற்படை வழியாக இது இலங்கைக்கு வந்தது. தமிழ்ப்பகுதியைப் பரணவிதான பதிப்பித்துள்ளார்.

'மும்மொழிக் கல்வெட்டு' என்னும் பெயர் பார்வையாளரை எளிதில் வழிதவறச் செய்யும். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ரொசெட்டாக் கல்லைப் போல ஒரே ஆணையின் பெயர்ப்புகளே இவையும் என்று கருதத் தோன்றுகின்றது. உண்மை அதுவன்று. சீனப்பகுதி புத்தரை வணங்குகின்றது. தமிழ்ப்பகுதி தெனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. மிகவும் சிதைந்துள்ள பாரசீகப்பகுதி இசுலாத்தைச் சார்ந்தது. தெய்வங்கள் வேறாயினும் காணிக்கைப் பட்டியல்கள் பெரிதும் ஒத்துள்ளன. சீனப்பகுதி பொன் 1,000, வெள்ளி 5,000 எனத் தொடங்கிப் பட்டாடைகள், தூபக்கலங்கள், பூச்சாடிகள், விளக்குகள், பொற்றாமரைகள், நறுமண எண்ணெய் என விரிகின்றது. ஒருவரின் தெய்வத்தை மற்றவர் தெய்வத்தோடு இணைத்துச் சமரசம் பேசும் முயற்சி இதில் இல்லை. ஒவ்வொரு சமூகத்திற்கும் அதன் மொழியில், அதன் தெய்வத்தின் பெயரால் தனித்தனியே உரைத்து, கொடையில் மட்டும் ஏறக்குறைய சமன் காட்டுவதே இக்கல்லின் பண்பாட்டு நெறி.

கல்லில் இல்லாத மொழியும் கருதத்தக்கது. சிங்கள நாட்டின் தென்கரைக்கென வடிக்கப்பெற்ற இக்கல்லில் சிங்களம் இல்லை. எனவே இது அரசவையை விளித்ததினும் துறைமுகத்தின் வணிகச் சமூகங்களை விளித்ததெனக் கொள்வதே பொருந்தும். தமிழ் இங்கே ஒரு நாட்டின் மொழியாக அன்றி, கடல்வணிகத்தின் மொழியாகவும் வழிபாட்டின் மொழியாகவும் நிற்கின்றது.

இக்கொடையை நட்பின் அடையாளமாக மட்டும் காண்பதும் குறைபாடுடையது. கல்லின் காலக்குறிப்பிற்கு இரண்டாண்டுகளுக்குப் பின், 1411இல், செங் ஹேயின் படை இலங்கையில் போரிட்டு அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனத்திற்குக் கொண்டுசென்றது. காணிக்கை தந்த கப்பற்படையே வாளும் ஏந்திவந்தது. கண்ணாடிக்குப் பின்னுள்ள ஒரு கல்லைக் காண்பவர்க்கு இச்செய்தி தானே புலப்படுவதில்லை.

விழாவிடம்

தெனாவரை என்பது இலங்கையின் தென்முனையிலுள்ள இன்றைய தெவிநுவர. 1344இல் அங்குச் சென்ற இபுன் பதூதா, ஆயிரம் அளவிலான பிராமணரும் யோகியரும் இருந்ததையும், ஐந்நூறு அளவிலான மகளிர் இரவுதோறும் திருமுன் ஆடிப் பாடியதையும் குறித்துள்ளார். கல்வெட்டின் விளக்கும் தூபமும் எண்ணெயும் எத்தகைய வழிபாட்டிற்கு உரியவை என்பதை இக்குறிப்பு உணர்த்துகின்றது. 1588இல் போர்த்துக்கீசர் அக்கோயிலை அழித்தனர்.

கோயில் அழிந்த பின்னும் வழிபாடு அற்றுப்போகவில்லை. உபுல்வன் எனவும் விஷ்ணு எனவும் வணங்கப்பெறும் தெய்வத்தின் தேவாலயத்தில் ஆண்டுதோறும் எசலப் பெரஹரா நிகழ்கின்றது. தெய்வம் தன் இடத்தில் இருக்கின்றது. அதனைத் தமிழில் விளித்த கல் கொழும்பில் இருக்கின்றது. பெரஹராவைக் காண்பவர் சீனப் பேரரசரின் கொடையை அறியார். கல்லைக் காண்பவர் பறையொலியைக் கேளார். கல்லின் விளக்கப் பலகை தெவிநுவரவின் இன்றைய விழாவையும் சுட்டுமாயின், 'தெனாவரை நாயனார்' என்னும் தொடர் பார்வையாளர்க்கு வெறும் பழம்பெயராக நில்லாது.