ஸ்டியரிங்கில் ஒரு ‘டொக்’

இயற்பியலை வகுப்பறையில் மட்டுமன்றி, காரின் அடியில் படுத்தும் கற்கலாம் என்பதை நான் கண்டுகொண்டேன்.

என் தந்தையார் வாடகைக்கு ஓட்டுவது பழைய அம்பாசடர் கார். 2014 வரை உத்தரப்பாராவில் தயாரான வகை. ஒருநாள் திருமயம் சாலையில் வளையும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் ‘டொக்’ என்றது. மறுநாளோ கல்யாணச் சவாரி.

சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, நின்ற வண்டியிலேயே ஸ்டியரிங்கை நான் இருபுறமும் அசைத்தேன். அப்போதும் ஓசை எழுந்தது. பேரிங் கெட்டிருந்தால் சக்கரம் உருளும்போதுதான் இரையும்; ஆகவே ஐயம் இணைப்புகளின் மேல் சென்றது. அப்பா அடியில் படுத்து, நீண்ட திருப்புளியின் முனையை ஒவ்வோர் இணைப்பிலும் ஊன்றி, பிடியில் காதை வைத்தார். காற்றில் சிதறும் ஒலி எஃகின் வழியே தெளிவாக வந்துசேரும் அல்லவா?

வலப்புற டை ராடு எண்டில் குற்றம் அகப்பட்டது. ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வற்றி, செம்மண் புகுந்து, உள்ளிருந்த குண்டு தேய்ந்து ஆடியது.

“கிரீஸ் வைத்தால் போதாதா, அப்பா?” என்றேன்.

“சத்தம் அடங்கும் தம்பி, தேய்மானம் அடங்காது. கழன்றால் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது.”

சவாரியை வேறொருவருக்கு விட்டார். பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ, அத்தனை சுற்றுப் புதியதை முடுக்கி, நட்டுக்குப் புதுப் பின் போட்டு, பட்டறையில் சக்கர அலைன்மெண்டும் பார்த்தோம். ஓசை நின்றது.

ஓசையை அடக்குவது வேறு, குறையைக் களைவது வேறு. அன்று ஒருநாள் வருமானம் போயிற்று. அப்பா அதற்காக வருந்தவில்லை.