கோல்ஃப் கிளப்பில் ஆடை விதிகள்

கோல்ஃப் கிளப்புகள் பலவற்றில் காலர் வைத்த சட்டை அணியாதவர் ஆட முடியாது, ஜீன்ஸுக்கும் இடமில்லை. இவ்விதிகள் இக்காலத்திற்கு ஏற்றவைதாமா?

1933-இல் இங்கிலாந்தில், வெஸ்ட்வர்ட் ஹோ என்னுமிடத்தில் நடந்த பெண்கள் போட்டிக்குக் குளோரியா மினோப்ரியோ என்ற வீராங்கனை கருநீலக் கால்சட்டை அணிந்து வந்தார். பெண்கள் பாவாடை அணிந்து ஆடுவதே அன்றைய வழக்கம். வழக்கத்தை மீறிவிட்டாரே என்று பெண்கள் கோல்ஃப் சங்கம் வருந்தியது. அவர் ஒரே மட்டையைக் கொண்டு ஆடினார். எனக்கு அதுவே பெரிய வியப்பு! இன்று அதே கால்சட்டை கண்ணியமான உடை. ஆயினும் 2017-இல் அமெரிக்கப் பெண்கள் கோல்ஃப் சங்கம், மிகக் குட்டையான பாவாடை அணிந்தால் 1,000 டாலர் அபராதம் என்று அறிவித்தது.

இரும்பு ஆணி வைத்த காலணி புல்தரையைக் கெடுக்கும். அதைத் தடுப்பது நியாயமே. காலர் இல்லாத சட்டை எதைக் கெடுக்கும்?

நம் சீருடையும் விதிதானே என்று கேட்பீர்கள். சீருடை எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்கிறது. கிளப் விதியோ சிலரை வாயிலிலேயே நிறுத்துகிறது. 2014-இல் சென்னையில், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிரிக்கெட் கிளப்பில் தடுத்தார்கள். அவ்வாண்டே, வேட்டியைத் தடுக்கும் கிளப்புகளுக்கு எதிராகத் தமிழகத்தில் சட்டம் வந்தது.

என் தாத்தா பள்ளி விழாவிற்கு வேட்டியில்தான் வருவார். சிஸ்டர் எழுந்து வந்து அவருக்கு நாற்காலி காட்டுவார்.