வயலின்களுக்கு அடியில் ஒரு தாளம்

கேள்வி: பிலடெல்ஃபியா சோல் பாடல்களை அண்மையில்தான் கேட்கத் தொடங்கினேன். எதைப் போட்டாலும் வயலின் கூட்டம். சோல் என்றால் தொண்டை கிழியப் பாடுவது என்று நினைத்திருந்தேன். இத்தனை மெருகு அதன் வீரியத்தைக் குறைத்துவிடாதா?

பதில்: குறைக்கவில்லை. ஹரால்ட் மெல்வின் அண்ட் த புளூ நோட்ஸ் குழுவின் 'த லவ் ஐ லாஸ்ட்' (1973) பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். வயலின்களை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கவனியுங்கள். எர்ல் யங்கின் பேஸ் டிரம் நான்கு எண்ணிக்கையிலும் விழுகிறது. ஹை-ஹாட் விடாமல் சீறுகிறது. பின்னால் வந்த டிஸ்கோ இந்தத் தாளத்தைத்தான் பிடித்துக்கொண்டது. மேலே டெடி பெண்டர்கிராஸின் கரகரத்த குரல். நீங்கள் தேடும் தொண்டை கிழிசல் அங்கேயே இருக்கிறது! குழுவில் முதலில் டிரம்ஸ் வாசித்தவர் அவர்; தாளத்தோடு மல்லுக்கட்டிப் பாடுவார்.

இத்தகைய பாடல்கள் பதிவான இடம், ஜோ டார்சியா 1968இல் தொடங்கிய சிக்மா சவுண்ட் ஸ்டுடியோ. அங்கே தாளக் குழுவைத்தான் முதலில் பதிவு செய்வார்கள். டான் ரினால்டோவின் வயலின் குழு பிறகு வந்து அதன்மேல் வாசிக்கும். நடையும் வேகமும் அதற்குள் முடிவாகியிருக்கும். பாடகர் மூச்சு விடும் இடத்தில் புகுந்து பதில் சொல்வதுதான் வயலினின் வேலை.

அந்தப் பதில் எப்போதும் இனிப்பாக இருக்காது. கென்னி கேம்பிளும் லியோன் ஹஃபும் 1971இல் தொடங்கிய பிலடெல்ஃபியா இன்டர்நேஷனல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட 'பேக் ஸ்டாபர்ஸ்' (1972), நண்பர்களாக நடித்து முதுகில் குத்துபவர்களைப் பற்றியது. ஓ'ஜேஸ் பாடிய அந்தப் பாட்டில் வயலின்கள் வயிற்றைப் பிசைகின்றன.

என் மனதுக்கு மிக நெருக்கமானவர் தயாரிப்பாளர் தாம் பெல். செவ்வியல் பியானோ பயின்றவர். சோல் பாட்டுக்குள் பிரெஞ்சு ஹார்னையும் ஓபோவையும் கொண்டுவந்தார். ஸ்டைலிஸ்டிக்ஸ் பாடிய 'யூ மேக் மி ஃபீல் பிராண்ட் நியூ' பாட்டில் சிதார் கேட்டு நீங்கள் நிமிர்ந்து உட்காரக்கூடும். அது நம் சிதார் அன்று, அந்த ஒலியைத் தரும் எலெக்ட்ரிக் சிதார். கிட்டார் போலப் பிடித்து வாசிப்பது.

எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த சில இசைத்தட்டுகளில் வயலின் வெறும் பூச்சாகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் சந்தேகம் அவற்றுக்குப் பொருந்தும். ஆகவே 1972 முதல் 1974 வரை வந்தவற்றிலிருந்து தொடங்குங்கள். கைபேசி ஸ்பீக்கர் வேண்டாம். அதில் ரானி பேக்கரின் பேஸ் கிட்டார் காணாமல் போய்விடும்.