ஐஎஸ்ஓ எண்ணுக்கு அஞ்சாதே

அன்புள்ள தம்பிக்கு,

தெருக்கூத்தைப் படமெடுக்கக் கிளம்பும் இளைஞர்கள் பலரும் ஒரே புத்திமதியைக் கேட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்: ஐஎஸ்ஓவை 800க்கு மேல் ஏற்றாதே, ஏற்றினால் படமெல்லாம் புள்ளி. அதை நம்பி ஷட்டரை 1/60க்கு இறக்குகிறார்கள். துரியோதனனின் கிரீடமும் புஜக்கட்டையும் இழுபட்டுப் பதிகின்றன. இருட்டான இடங்களில் புள்ளியும் போனபாடில்லை. இந்த அச்சத்தை நீ விட்டொழிக்க வேண்டும். படம் புள்ளியாவதற்கு முதற்காரணம் வெளிச்சப் பஞ்சம். ஐஎஸ்ஓ எண் அந்தப் பஞ்சத்தைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஒளி துகள்துகளாக வருவது. வருகிற எண்ணிக்கை ஒரே சீராக இருப்பதில்லை. சராசரியின் வர்க்கமூலம் எவ்வளவோ, ஏறத்தாழ அந்த அளவுக்கு அது கூடும், குறையும். சென்சாரின் ஒரு பிக்சலில் 10,000 துகள்கள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100, அதாவது 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 துகள்களே விழுந்தால் ஏற்றத்தாழ்வு 10. அது 10 சதவீதம். ஒரே நிறமாய்ப் பூசிய அரிதாரம் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் வெவ்வேறு நிறமாகத் தெரிவது இதனால்தான். எவ்வளவு ஒளி சேரும் என்பதை விளக்கு வெளிச்சமும் அபர்ச்சரும் ஷட்டரும் முடிவுசெய்த பிறகு, சேர்ந்ததைப் பெருக்கித் தருவது மட்டுமே ஐஎஸ்ஓவின் வேலை. ஃபிலிம் காலத்தில் நிலைமை வேறு. வேகமான ஃபிலிமில் வெள்ளி உப்புப் படிகங்களே பெரிதாக இருந்தன. எண் ஏறினால் புள்ளியும் ஏறியது. அன்றைக்குச் சரியாக இருந்த எச்சரிக்கைதான் காரணம் மறந்துபோய் இன்றும் சுற்றிவருகிறது.

இனி மறுபக்கத்தைப் பார். ஆடுபவரின் கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள். 1/60 நொடியில் அது 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். 1/500 நொடியில் 4 மில்லிமீட்டர்தான். முன்னதில் விரல்களே இருக்காது. லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பாய். அது உன் கை நடுக்கத்தைத் தாங்கும், டிரைபாடும் அப்படியே. ஆடுகிற உடம்பை இரண்டும் நிறுத்தாது. மென்பொருளும் இங்கே பெரிதாக உதவாது. ரா கோப்பில் உள்ள புள்ளியைக் குறைக்க இன்று நல்ல கருவிகள் வந்துவிட்டன. பதியாமலே போன விரலை எந்தக் கருவியும் மீட்டுத் தராது. தந்தால் அது கற்பனை. அச்சிட்டுப் பார்த்தாலும் இதே தீர்ப்புதான். 6000க்கு 4000 பிக்சல் படத்தை 12க்கு 8 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 500 பிக்சல் வந்துவிடும். திரையில் முழு அளவுக்குப் பெருக்கிப் பார்த்தபோது உறுத்திய புள்ளியில் பெரும்பகுதி அங்கே அடங்கிவிடும், இழுபட்ட கோடு அடங்காது.

ஐஎஸ்ஓ 800லேயே இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் தூக்கிக்கொண்டால் என்ன என்று ஒரு கேள்வி வரும். ஷட்டரும் அபர்ச்சரும் மாறாதபோது இரண்டு ஸ்டாப் தூக்கினாலும் 3200ல் எடுத்தாலும் சேர்ந்த ஒளி ஒன்றுதான். சில புதிய சென்சார்களில் வேறுபாடு மிகக் குறைவு. நகைகளின் மினுக்கம் வெளுத்துப்போகாமல் காப்பதற்கு அந்த வழி உதவவும் செய்யும். ஆனால் பல கேமராக்களில், குறிப்பாகப் பழையவற்றில், மின்சுற்றின் இரைச்சலும் சேர்ந்து தூக்கப்படுவதால் நிழல்கள் மோசமாகும். கோயில் சிற்பத்தை ஐஎஸ்ஓ 100ல் எடுத்த படம் மட்டும் எப்படி அத்தனை துல்லியம் என்று கேட்டால், கல் அசையாது. டிரைபாடில் வைத்து ஒரு முழு நொடி ஒளி சேர்க்கலாம். சேர்ந்த ஒளிதான் அங்கே வேலை செய்தது.

அபர்ச்சரை எஃப் 22 வரை மூடினால் எல்லாம் கூர்மையாகும் என்பதையும் நம்பாதே. வரும் ஒளி குறைவது போதாதென்று, விளிம்பு விளைவால் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஏறத்தாழ 30 மைக்ரான் அகலத்துக்குப் பரவிவிடும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 4 மைக்ரான்தான். இரவுக் கூத்துக்கு எஃப் 2.8, இல்லையென்றால் எஃப் 4. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஆடுபவரின் கண் கூசும், அந்த இரவுக்கே உரிய வெளிச்சமும் செத்துவிடும்.

ஆகவே மேனுவலில் 1/500, எஃப் 2.8 என்று நிறுத்திவிட்டு, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் 6400 வரையோ 12800 வரையோ போகவிடு. பின்னால் இருக்கும் கருத்த வானத்தையும் மீட்டர் கணக்கில் எடுத்துக்கொண்டு முகத்தை வெளுக்க வைக்கும். காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் குறைத்து, ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் முட்டுகிறதா என்று பார். வானம் கருப்பாகவே இருக்கட்டும், அதைத் தூக்கப் போனால்தான் புள்ளி கிளம்பும். இன்னொன்று, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/500ல் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறினாலோ பட்டை விழுந்தாலோ, எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு வந்து, கேமராவில் ஃபிளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் போடு. அப்போதும் தீரவில்லையென்றால் 1/100க்கு இறங்கி, அடவு முடிந்து ஆடுபவர் நிற்கும் நொடிக்காகக் காத்திரு.

அன்புடன்,
உன் அண்ணன்