இரு குரல், ஒரு வழி

மேனாட்டிசையில் உச்சக்குரல் மாதர் இருவர் கூடிப் பாடுங்கால், ஒருத்தி செல்லும் வழி வேறு. மற்றவள் வழி வேறு. இரண்டும் இயைவதே ஆண்டு இன்பம். நம் கருநாடக இசையிலோ இருவர்க்கும் வழி ஒன்றே. ஆதலின் கமகத்தில் ஓர் அசைவு பிந்தினும் கேட்போர் செவிக்குத் தப்பாது.

பம்பாய்ச் சகோதரிகளாகிய சரோஜா, லலிதா என்போரை எண்ணுக. முசிரி சுப்பிரமணிய ஐயரிடம் பயின்ற இவர்க்கு, 2010 இல் சென்னை மியூசிக் அக்கடமி சங்கீத கலாநிதி விருதினை இருவர்க்குஞ் சேர்த்தே அளித்தது. 2023 இல் லலிதா மறைந்தார்.

கீர்த்தனையை ஒருங்கு பாடுதல் பயிற்சியால் வருவது. அருமை கற்பனைச் சுரத்திலேயே உள்ளது. முதலில் ஆவர்த்தனங்களாகப் பங்கிடுவர். பின்னர் அது ஒன்று, அரை, கால் எனக் குறுகும். ஒருத்தி விட்ட இடமறிந்து மற்றவள் தொடுத்தல் வேண்டும். நாவின் நுனியில் அழகிய கோவையொன்று காத்து நிற்பினும், இணைக்குரல் வேறிடத்தில் நின்றதாயின் அதனைக் கைவிடவே நேரும். இசையிலே தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்பார்க்கு, அந்தாதி எம்முடையதன்றோ என்போம்!

திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, மருதனார்மடத்தில் இசை பயிலும் மாணவியர், தேர்வுக்குத் தனியே பாடிப் பழகுவதோடு அமையாது இருவரிருவராகவும் அமர்ந்து பார்த்தல் நன்று. மோகன இராகம், ஆதிதாளம், ஆளுக்கோர் ஆவர்த்தனம். தொடக்கத்திற்கு அதுவே போதும்.