நெடுநாள் உறங்கிய மோட்டார் வண்டியை எழுப்பும் முறை

பல்லாண்டு ஓடாது கிடந்த மோட்டார் வண்டியொன்றினை மீண்டும் இயக்க முயல்வோர் முதலிற் செய்யுங் காரியம், புதிய பற்றரி ஒன்றை வாங்கிப் பொருத்திச் சாவியைத் திருப்புதலேயாம். எஞ்சின் இயங்காதாயின் ஸ்ராட்டரை மீண்டும் மீண்டும் இழுப்பர். அதுவும் பயன்தராவிடின் நால்வரை அழைத்து வண்டியைத் தள்ளுவர். முப்பது ஆண்டு கிடந்தும் வாராத கேடு இவ்வவசரத்தினால் ஒரு நாழிகையில் வந்துவிடுதல் உண்டு. ஆதலின், இம்முயற்சியை எம்முறையிற் செய்தல் வேண்டும் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

எடுத்துக்காட்டாக மோரிஸ் மைனர் வண்டியைக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. அதுவும் ஒஸ்ரின் ஏ 40 வண்டியும் யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஓடின. 1990ஆம் ஆண்டின் பின் பெற்றோல் வரவு தடைப்பட்ட காலத்தில், சிறிது பெற்றோலினால் எழுப்பி மண்ணெண்ணெயினால் ஓட்டப்பட்டவையும் இவையே. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபொழுது கொட்டில்களிற் கைவிடப்பட்டவையும் உள. பிறநாடுகளிலிருந்து மீளும் எமது பழைய மாணவர், தந்தையார் ஓட்டிய வண்டியைத் தூசி படிந்த நிலையிற் காணுங்கால் அதனை ஓட்டிப்பார்க்க விரும்புதல் இயல்பே.

பெற்றோல் எஞ்சின் இயங்குதற்கு வேண்டுவன மூன்று: காற்றும் பெற்றோலும் அளவாய்க் கலந்த கலவை, அக்கலவை சிலிண்டரினுள் அமுக்கப்படுதல், உரிய வேளையில் தீப்பொறி பாய்தல். எழும்பாத வண்டியில் இம்மூன்றனுள் ஒன்றேனும் குறைவுபட்டிருத்தல் திண்ணம். மைனர் 1000 என 1956ஆம் ஆண்டு வந்த வண்டியின் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவினது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தே மருந்து செய்க எனும் திருக்குறளின் எண்ணும் 948 ஆதல் வியத்தற்குரியது. மருத்துவனுக்குக் கூறிய அம்முறை மெக்கானிக்குக்கும் பொருந்தும்.

முதலாவது, பழையன கழித்தல். கிடந்த பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி நீங்கிவிடும். எஞ்சியது பிசின்போலத் தடித்துக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். ஆதலின் தாங்கியையும் காபரேற்றரையும் முற்றாக வெறுமையாக்குக. எஞ்சின் எண்ணெயையும் வடித்துவிடுக. மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிக்கு இது மிக இன்றியமையாதது; எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்திருக்கும். அத்தகைய எண்ணெய் தாங்கு பகுதிகளைக் காவாது.

இரண்டாவது, கையாற் சுழற்றிப் பார்த்தல். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுக. பின்னர் கியரை நடுநிலையில் வைத்து, முன்புறத்திற் செருகும் ஹான்டிலால் மெல்லச் சுழற்றுக. சுழலாதாயின் வலிந்து திருப்பற்க. பிஸ்டன் வளையங்கள் துருவினாற் பற்றியிருக்கலாம், வால்வுகள் இறுகியிருக்கலாம். மேலும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருத்தலே தக்கது. எளிதிற் சுழலுமாயின், பிளக் துளையை விரலால் மூடிச் சுழற்றுக. விரலைத் தள்ளும் விசை நான்கிலும் உளதாயின் அமுக்கம் உண்டென்று துணியலாம்.

மூன்றாவது, பற்றரி. இவ்வண்டியில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. இக்கால வண்டிகளில் எதிர்முனை இணைக்கப்படும். பின்னர் மாற்றப்பட்ட வண்டிகளும் உளவாதலின், கம்பிகளை ஆராய்ந்த பின்னரே பொருத்துக. புதிய எண்ணெய் நிரப்பி, கொயிலின் சிறு கம்பியைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலே ஸ்ராட்டரால் சிறிது சிறிதாகச் சுழற்றுக. எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் சிறு விளக்கு அணையுமாயின், எண்ணெய் எங்கும் பரவிற்று என்க.

நான்காவது, தீப்பொறி. புதிய பெற்றோல் ஊற்றுமுன் இதனைச் சோதித்தல் வேண்டும். ஆவி சூழ்ந்த இடத்தில் தீப்பொறி எழுப்புதல் பேராபத்து. கொயிற் கம்பியை மீளப் பொருத்தி, கம்பியோடு கூடிய பிளக்கை எஞ்சினின் இரும்பிற் படும்படி கிடத்திச் சுழற்றுக. நீலநிறப் பொறி நன்று. மஞ்சள்நிறப் பொறி வலுவற்றது. பொறி இல்லையாயின் டிஸ்ரிபியூற்றரின் மூடியைத் திறந்து பொயின்றுகளைப் பார்க்க. நெடுநாட் கிடப்பில் அவற்றின்மீது மெல்லிய படலம் படியும். நுண்ணிய மணற்கடதாசியாற் துடைத்து, இடைவெளியை 0.015 அங்குலமாக அமைக்க. பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம். பிளக் கம்பிகளை 1, 3, 4, 2 என்னும் ஒழுங்கிற் பொருத்துக.

ஐந்தாவது, பெற்றோல். பிளக்குகளைப் பூட்டி, தாங்கியிற் புதிய பெற்றோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினால், எஞ்சின் அறையிலுள்ள மின்பம்பி 'டிக் டிக்' என ஒலித்து, காபரேற்றர் நிரம்பியதும் ஓயும். ஒலியே இல்லையாயின் பம்பியின் பொயின்றுகள் பற்றியிருக்கும். ஓயாது ஒலிப்பின் பெற்றோல் வரவில்லை, குழாயிற் காற்றுப் புகுகின்றது, அல்லது மிதவையின் ஊசி மூடாமையாற் பெற்றோல் வழிகின்றது. வழியுமாயின் உடனே நிறுத்துக. காபரேற்றரின் பிஸ்டனை விரலால் உயர்த்திவிட, அது தடையின்றி விழுந்து சிறு ஒலி எழுப்புதல் வேண்டும்.

இவையனைத்தும் செவ்வனே அமைந்த பின் சோக்கை இழுத்து ஸ்ராட்டரைத் தொழிற்படுத்துக. முதலிற் புகை மிகுதியாக வரும். சிலிண்டரில் விட்ட எண்ணெய் எரிதலே அதற்குக் காரணம். றேடியேற்றரில் நீர் உளதா என்பதை முன்னரே பார்த்திருத்தல் வேண்டும்.

எஞ்சின் எழும்பிய மகிழ்ச்சியில் வண்டியை வீதிக்கு எடுத்தல் எல்லாவற்றினும் பெரிய பிழை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. அவ்வீரத்தாற் பிரேக் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடிக்கும், இறப்பர்கள் கெடும். மைனரின் நான்கு சில்லுகளுக்கும் பிரேக் குழாய்த் தொடர் ஒன்றே. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் பயனற்றுப்போம். ரயர்களும் தேயாதிருப்பினும் முதுமையால் வெடிக்கும். எழும்பாத வண்டியால் எவர்க்கும் தீங்கில்லை. நிற்காத வண்டியோ உயிரைக் கொள்ளும். ஆதலின் பிரேக்கும் ரயரும் தேர்ந்தவர் ஒருவராற் சீர்செய்யப்பட்ட பின்னரே வண்டியைப் படலைக்கு வெளியே கொண்டுசெல்க.

மாணவர்காள், ஒரு வேளையில் ஒன்றனையே சோதித்து, அதன் முடிபை அறிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுதல் இம்முறையின் உயிர்நாடி. பலவற்றை ஒருங்கே மாற்றுவோன் வண்டியை ஒருகால் எழுப்பிவிடலாம். ஆயின் அது கிடந்த காரணத்தை அறியான். அடுத்த முறை நிற்கும்பொழுது அவன் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரும்.