விளிம்பில் வாழும் பெயர்கள்: பழைய போர்ப்பதக்கங்களைத் தேடுதலும் பேணுதலும்

வீட்டிலுள்ள பழைய வெள்ளியை எடைக்குப் போடும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. கொலுசும் குங்குமச்சிமிழும் போகும் அதே பையில், பாட்டனார் போரில் பெற்ற பதக்கமும் சில வேளைகளில் போய்விடுகிறது. கொலுசு உருகினால் மீண்டும் ஒன்று செய்துகொள்ளலாம். பதக்கம் உருகினால், அதன் விளிம்பில் பொறிக்கப்பட்ட பெயரும் அதனோடு மறைந்துவிடும். ஆங்கிலேயர் காலப் போர்ப்பதக்கங்களை இனங்காண்பதும், ஆராய்வதும், பேணுவதும் எவ்வாறு என்பதை, அவற்றோடு நெருங்கிய தொடர்புடைய மைசூரை முன்வைத்து இக்கட்டுரையில் காண்போம்.

ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம்

மைசூருக்கு மிக அருகிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை 1799 மே 4 அன்று வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே உயிர் துறந்தார். அவ்வெற்றியை நினைவுகூரக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கத்தை உருவாக்கியது. கூக்லர் என்னும் கலைஞர் வடிவமைத்த அது, பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டனின் நாணயச்சாலையில் அச்சிடப்பட்டு, 1808இல்தான் வீரர்களுக்கு வழங்கப்பட்டது.

ஒரு பக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியை வீழ்த்துகிறது. மேலே பறக்கும் கொடியில், 'இறைவனின் வெற்றிச் சிங்கம்' எனப் பொருள்படும் அரபுத் தொடர் காணப்படுகிறது. அதே தொடர் திப்புவின் ஆயுதங்களிலும் இடம்பெற்றிருந்தது என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது. தோற்றவரின் வாசகத்தையே வென்றவர் தமக்கு அணியாக்கிக்கொண்டனர். மறுபக்கத்தில் கோட்டையைத் தாக்கும் காட்சி. அதன் கீழே பாரசீக எழுத்தில் ஹிஜ்ரி 1213ஆம் ஆண்டுக்குரிய தேதி.

இப்பதக்கம் தங்கம், பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என ஐந்து வகையில் வழங்கப்பட்டது. உயர் தளபதிகளுக்குத் தங்கம். சாதாரணச் சிப்பாய்களுக்கு வெள்ளீயம். சென்னை மாகாணப் படையில் சேர்ந்து இம்முற்றுகையில் போரிட்ட தமிழ்ச் சிப்பாய்களின் நெஞ்சில் தொங்கியது வெள்ளீயமே. பெயர் பொறிக்காமல் வழங்கப்பட்டதால், குடும்பச் செய்தியோ பழைய ஆவணமோ உடன் இல்லாவிடில், அதை அணிந்தவர் யாரெனக் கூறுதல் அரிது.

மைசூர் லான்சர்ஸ்

அடுத்த நூற்றாண்டில் கதை வேறு திசையில் திரும்பியது. மைசூர்ச் சமஸ்தானமே முதல் உலகப்போருக்குத் தன் குதிரைப்படையை அனுப்பியது. அப்போது ஆட்சியில் இருந்தவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். ஜோத்பூர், ஐதராபாத் படைகளோடு 15ஆம் குதிரைப்படைப் பிரிகேடில் இணைந்த மைசூர் லான்சர்ஸ், எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் பணியாற்றியது. 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரம் கைப்பற்றப்பட்டபோது, ஜோத்பூர் வீரர்கள் நகரை நோக்கிப் பாய்ந்தனர். மைசூர் வீரர்களில் ஒரு பிரிவினர் கார்மல் மலைமீதேறி அங்கிருந்த பீரங்கிகளைக் கைப்பற்றினர். புதுதில்லியின் தீன்மூர்த்திச் சிலைகள் மூன்றும் இம்மூன்று சமஸ்தானப் படைகளைக் குறிப்பவை.

இவ்வீரர்களின் குடும்பங்களில் இன்று காணக்கூடியவை, பிரிட்டிஷ் போர்ப் பதக்கமும் வெற்றிப் பதக்கமும் ஆகும். முன்னது 36 மி.மீ. விட்டமுள்ள வெள்ளி வட்டு. ஒரு முகத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், மறுமுகத்தில் குதிரைமீது ஒரு வீரர். பின்னது வெண்கலத்தால் ஆனது. சிறகுடைய வெற்றித் தேவதையும் வானவில் நிற நாடாவும் அதன் அடையாளங்கள். 1915 முடிவதற்குள் போர்முனை சென்றவர்களுக்கு ஒரு வெண்கல நட்சத்திரமும் உண்டு. தொழிலாளர் படையினர் முதலியோருக்குப் போர்ப் பதக்கமே வெண்கலத்தில் வழங்கப்பட்டது. இவை எண்ணிக்கையில் குறைவு. ஆகவே வெள்ளியல்ல என்று ஒதுக்கத் தக்கவை அல்ல.

1979, 1980ஆம் ஆண்டுகளில் வெள்ளி விலை திடீரென உயர்ந்தபோது, இவ்வெள்ளிப் பதக்கங்கள் பெருந்தொகையாக உருக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் வெள்ளியே இருந்தது.

விளிம்பைப் படித்தல்

பதக்கத்தின் வரலாறு அதன் முகத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. உருப்பெருக்கியும் பக்கவாட்டு வெளிச்சமும் கொண்டு சுற்றிலும் படித்தால், எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசை தென்படும். நட்சத்திரங்களில் இது பின்புறத்தில் இருக்கும். 'சவார்' என்றால் குதிரைவீரர். 'சிப்பாய்' என்றால் காலாட்படையினர். 'சாப்பர்' என்றால் பொறியியற் படையினர். தஃபேதார், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்பன உயர்ந்த படிகள்.

பெயரை மட்டும் நம்பித் தேடுதல் கூடாது. முனுசாமி என்னும் ஒரே பெயரை எழுத்தர்கள் ஆங்கிலத்தில் பலவாறாக எழுதினர், அப்பெயருடையோரும் பலர். எண்ணும் படைப்பிரிவும் சேர்ந்தே ஒருவரை உறுதி செய்யும். இரண்டாம் உலகப்போரின் நட்சத்திரங்கள் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரின்றி வழங்கப்பட்டன. இந்தியப் படையினருக்கு உரியவற்றிலோ பொதுவாகப் பெயர் பொறிக்கப்பட்டது. இது நமக்கு வாய்த்த நற்பேறு.

பெயர் கிடைத்தபின், போரில் மாண்டவராயின் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளைப் பார்க்கலாம். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும்கூட உண்டு. சமஸ்தான வீரர்களுக்குப் பெங்களூரிலுள்ள கர்நாடக மாநில ஆவணக்காப்பகமும், இந்தியப் படையினருக்கு இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களும் துணைபுரியும். ஓய்வூதியப் புத்தகம், பணிவிடுப்புச் சான்று, புகைப்படம் ஆகியவை வீட்டில் இருப்பின் அவற்றைப் பதக்கத்தோடு சேர்த்தே வையுங்கள். பாகப்பிரிவினையில் மூத்தவருக்கு ஒன்று, இளையவருக்கு ஒன்று எனப் பிரித்தால், ஒருவரின் வாழ்க்கை துண்டாகிவிடும்.

போலியை அறிதல்

வாங்கிச் சேகரிப்போர் அளவுகோலை மறவாதிருத்தல் வேண்டும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலி, உலோகம் சுருங்குவதால் சற்றே சிறுத்திருக்கும். மேற்பரப்பில் நுண்துளைகள் தெரியும். பழைய பெயரை அராவி நீக்கிப் புதுப்பெயர் பொறித்திருந்தாலும் விட்டம் குறையும். ஆகவே விளிம்பில் பல இடங்களில் அளந்து பார்த்தல் நலம்.

பேணும் முறை

முதல் விதி, மெருகேற்றாமை. வெள்ளிப் பாத்திரத்தை விபூதியாலும், பித்தளையைப் புளியாலும் துலக்குவது நம் வீட்டு வழக்கம். பதக்கத்திற்கு அது பகை. ஒவ்வொரு துலக்கலிலும் உலோகம் நுண்ணளவில் தேய்ந்து, மன்னரின் முகமும் விளிம்பின் எழுத்தும் மழுங்கும். கருமை படிந்திருப்பது குறையன்று.

* கையுறை அணிந்து, ஓரங்களைப் பிடித்தே எடுங்கள். வியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கும்.
* ரப்பர் வளையம், செய்தித்தாள், பி.வி.சி. உறை ஆகியவற்றைத் தவிருங்கள். அமிலமற்ற தாளில் சுற்றுங்கள்.
* பட்டு நாடாவைத் துவைக்காதீர், வெயிலில் காட்டாதீர். நைந்துபோனாலும் பழைய நாடாவையே காத்து வையுங்கள்.
* மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள்.
* வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி தோன்றினால் அதைத் தனியே பிரித்து வைத்து, அருங்காட்சியக வல்லுநரை அணுகுங்கள்.

சட்டமும் பாதுகாப்பும்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 100 ஆண்டுகளுக்குக் குறையாத வரலாற்றுப் பொருள்களைத் தொல்பொருளாகக் கருதுகிறது. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. விற்பனையைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். முதல் உலகப்போர்ப் பதக்கங்களும் இவ்வயதை எட்டிவிட்டமையால், வெளிநாட்டுச் சேகரிப்பாளர் விலை கேட்டால் அவசரப்படலாகாது.

வங்கிப் பெட்டகத்தில் வைப்போர் மூன்றைக் கருதவேண்டும். முதலாவது, ஈரம்புகாத சிறு பெட்டியும் ஆண்டுக்கொரு முறையேனும் திறந்து பார்த்தலும். இரண்டாவது, நியமனதாரரைப் பதிவு செய்தல். மூன்றாவது, பெட்டகத்தினுள் உள்ளவற்றை வங்கி காப்பீடு செய்வதில்லை. தீ, திருட்டு போன்ற நேர்வுகளில் ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரையிலேயே அமையும். ஆகவே இருபுறமும் விளிம்பும் தெரியப் படமெடுத்து, அளவும் எடையும் குறித்து, அப்பட்டியலை வேறிடத்தில் வையுங்கள். மதிப்புமிக்கவற்றுக்குத் தனிக் காப்பீடு குறித்து எண்ணுங்கள்.

எல்லாவற்றிற்கும் முன்பாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. வீட்டிலுள்ள பதக்கத்தின் விளிம்பு எழுத்தை இன்றே ஒரு தாளில் படியெடுத்து, அவர் உங்களுக்கு என்ன உறவு என்பதையும் எழுதி, அதனுடன் வையுங்கள். நிலமோ நினைவுக்கல்லோ இல்லாத ஓர் எளிய சிப்பாயின் பெயர் பொறிக்கப்பட்ட ஒரே இடம் அவ்விளிம்பாகவும் இருக்கலாம். விற்பதா வைத்திருப்பதா என்பதை அதன் பின்னர் முடிவு செய்யுங்கள்.